மேடிசன் ஸ்கொயர் கார்டனா, பார்க்ளேஸ் சென்டரா?

நியூயார்க் போகும்போது ஒரு மேட்சோ கச்சேரியோ பார்க்க ஆசை, எந்த அரங்கில் டிக்கெட் போடுவது என்று குழம்புகிறவர்களுக்கு.

போய்ச் சேர:
கார்டன் – பென் ஸ்டேஷனுக்கு நேர் மேலே. நியூஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் படியேறினால் போதும்.
பார்க்ளேஸ் – புரூக்ளினில், வாசலிலேயே 9 சப்வே (சுரங்க ரயில்) தடங்கள். எடிசன்காரர்கள் பென் ஸ்டேஷனில் 2 அல்லது 3 எண் சப்வே ரயிலுக்கு மாற வேண்டும்.

செலவு:
கார்டன் – நிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டம் என்றால் பர்ஸ் காலி.
பார்க்ளேஸ் – இங்கே ஆடும் கூடைப்பந்து அணியான நெட்ஸின் டிக்கெட் பெரும்பாலும் மலிவு.

பார்வை:
கார்டன் – 1968-ல் திறந்தது. 2013-ல் முடிந்த புதுப்பிப்பில் கூரையிலிருந்து இருக்கைகள் கொண்ட இரண்டு பாலங்களைத் தொங்கவிட்டார்கள். 200-களில் எண்ணிட்ட மேல்தளப் பிரிவுகளின் பின்வரிசையில் உட்கார்ந்தால் நடுவிலுள்ள ஸ்கோர்போர்டை அந்தப் பாலம் மறைக்கும். டிக்கெட் எடுக்குமுன் வரிசை எண்ணைப் பாருங்கள்.
பார்க்ளேஸ் – 2012-ல் கூடைப்பந்துக்கென்றே அளவெடுத்துக் கட்டியது. அதனால்தான் 2015-ல் ஐஸ் ஹாக்கி அணியான ஐலண்டர்ஸ் குடிவந்தபோது கூத்தாகிவிட்டது: ஸ்கோர்போர்டு களத்தின் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கி நின்றது, சில இருக்கைகளிலிருந்து ஒரு கோல் பகுதியே சரியாகத் தெரியாது. 2020-ல் கிளம்பிவிட்டார்கள்.

ஹாக்கிக்கு யோசிக்கவே வேண்டாம், கார்டன்தான். ரேஞ்சர்ஸ் அங்கேதான் ஆடுகிறது. கூரை அதிரும் கூட்டச் சத்தம் வேண்டுமென்றாலும் அங்கேயே. குழந்தைகுட்டிகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு பார்க்ளேஸுக்கு, அதுவும் கோடையில்: 2024-ல் கோப்பை வென்ற நியூயார்க் லிபர்ட்டி பெண்கள் கூடைப்பந்து அணியின் ஆட்டம் இருக்கும்.