‘நான் மலாலா’: வகுப்பறைக்கு எந்தப் பதிப்பு?

மலாலா யூசுப்சாயின் ‘நான் மலாலா’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது. கிறிஸ்டினா லாம்புடன் சேர்ந்து 2013இல் எழுதியது பெரியவர்களுக்கு. பெட்ரிசியா மெக்கார்மிக்குடன் எழுதி 2014இல் வெளிவந்தது இளையோருக்கு. எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவதை எடுத்தால் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர்கள் ஜியா உல் ஹக், முஷாரப் யாரென்று விளக்குவதிலேயே பாடவேளை கரைந்துவிடும். ஆனாலும் ஆசிரியர் அதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. தந்தை ஜியாவுதீன் பள்ளி நடத்தப் பட்ட பாடு அதில்தான் விரிவாக இருக்கிறது.

இரண்டு பதிப்புமே 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வேனில் மலாலா மீது தாலிபான் நடத்திய துப்பாக்கிச் சூட்டை முன்னுரையிலேயே சொல்லிவிடுகின்றன. வகுப்பு சறுக்குவது அங்கேதான். பிள்ளைகள் குண்டுக்காகவே காத்திருப்பார்கள், நடுவில் உள்ளது மனதில் ஏறாது. முன்னுரையைக் கடைசிக்கு ஒதுக்கி, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் மலாலாவின் ஊரான மிங்கோராவின் அன்றாட வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள்.

புத்தகத்தின் உயிர் வானொலிப் பகுதியில் இருக்கிறது. ஸ்வாத் தாலிபான் தலைவர் ஃபஸ்லுல்லாவின் எஃப்.எம். பேச்சு முதலில் தொழுகை, நல்லொழுக்கம் என்றுதான் போகிறது. பலருக்கும் பிடித்தும் இருக்கிறது. பிறகு பள்ளியை விட்ட சிறுமிகளைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். இதை ஆறு துண்டுச் சீட்டுகளாக எழுதிக் கலைத்து, நால்வர் கொண்ட குழுக்களிடம் கொடுக்கலாம்: அறிவுரை, அந்த வாழ்த்து, சிடி டிவி எரிப்பு, முடிதிருத்துவோருக்குச் சவரத் தடை, பள்ளிகள் தகர்ப்பு, 2009 ஜனவரி 15 முதல் பெண்கள் பள்ளிகளுக்குத் தடை. வரிசைப்படுத்தியதும், “ஊர் எந்தச் சீட்டில் எதிர்த்திருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். குழுவுக்குக் குழு விடை மாறும். காரணத்தைப் புத்தகத்திலிருந்தே காட்டச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு பாடவேளை கொடுத்தாலும் தகும்.

அடுத்து, மலாலா பதினொரு வயதில் குல் மகய் என்ற புனைபெயரில் பிபிசி உருதுவுக்குச் சொன்ன நாட்குறிப்பு. ஜனவரி 14 பதிவில் தலைமையாசிரியை விடுமுறையை அறிவிக்கிறார், திறக்கும் தேதியைச் சொல்லவில்லை. சிறுமிகள் அன்று மைதானத்தில் கூடுதல் நேரம் விளையாடுகிறார்கள். நினைவுநூல் அந்த நாட்களை எப்படிச் சொல்கிறது என்று அருகில் வைத்துப் பார்க்கட்டும். அன்றன்று சொன்னதற்கும், நான்கைந்து ஆண்டு கழித்து இன்னொருவரோடு சேர்ந்து எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

தாலிபானையும் இஸ்லாத்தையும் ஒன்றாக்கிப் பேசும் பேச்சு எழாமல் இருக்காது. புத்தகத்தில் மலாலா தொழுவது வரும் பகுதிகளை மாணவர்களையே குறித்துவரச் சொன்னால், விளக்கவுரை தேவைப்படாது.

குறையும் உண்டு. அதே வேனில் குண்டுபட்ட மற்ற இரு மாணவிகளைப் பற்றிப் போதுமான அளவு இல்லை. நோபல் பரிசு 2014 அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது, அதாவது இரு பதிப்பும் வெளிவந்த பிறகு. அதைத் தேடும் மாணவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.