தீவுத்திடலில் ஒரு சாயங்காலம்: பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் கவனத்துக்கு

தோஹாவிலிருந்து பொங்கலுக்குச் சென்னை வந்தால் பாதி விடுமுறை உறவுக்காரர் வீடுகளிலேயே கழிந்துவிடும். நானும் மனைவியும் மட்டுமாக எங்காவது போய்வருவது அபூர்வம். இந்த முறை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு வேலை நாள் சாயங்காலம் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கிளம்பிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து வருகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் போன வழி, உள்ளே இருப்பவை, பணம் கொடுத்த விதம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். பணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். முன்பெல்லாம் பொருட்காட்சி என்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து ஊர்ந்து பாரிமுனை வந்து சேர்வதற்குள் ஆசையே அடங்கிவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு அந்தக் கஷ்டம் இல்லை. தேரடியில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துக்கொள்ளலாம், 2023-லிருந்து அந்த வசதி இருக்கிறது. இறங்கும் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வாருங்கள். மேலே வந்தால் ஓமந்தூரார் மருத்துவமனை, சிம்சன் பக்கம் பெரியார் சிலை, கூவத்தின் மேல் பாலம் என்று நடக்கிற தூரம்தான். பாலம் தாண்டியதும் குதிரை மேல் மன்றோ, வெள்ளைக்காரர் காலத்து மதராஸ் ஆளுநர். 1839-இல் நிறுத்திய சிலை. கால் வைக்கிற அங்கவடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள் என்று சின்ன வயதில் அப்பா காட்டியதை மனைவிக்குக் காட்டினேன்.

நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் ஆட்டோவை ஆப்பில் பிடிப்பது நல்லது. திரும்பும்போது வெளியே நின்ற ஒருவர் இந்தக் கொஞ்ச தூரத்துக்கு இருநூறு கேட்டார். "எக்ஸிபிஷன் டைம் சார்" என்றார். நாங்கள் நடந்தோம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிற பொருட்காட்சி இது. மாநில அரசின் துறைகள் வரிசையாக அரங்கு போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் நேராக ராட்டினத்துக்கும் பஜ்ஜிக்கும் போய்விடுகிறார்கள். என் கருத்து, இருட்டுவதற்கு முன்பே போய் அரங்குகளை முதலில் பார்த்துவிட வேண்டும். அப்போது கூட்டம் குறைவு, நிற்கிற ஊழியர்களும் களைக்காமல் இருப்பார்கள், கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது சுற்றுலா போகலாமா என்று நாங்கள் விசாரித்தோம். அங்கிருந்த பெண் எந்தப் பயணத்துக்கு எத்தனை நாள், எங்கே தங்கவைப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வாலாஜா சாலையில் இருக்கிற சுற்றுலா வளாகத்துக்கு நேரில் வந்தாலும் பதிவு செய்யலாம் என்று சொல்லி, துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தார். அவசரமே இல்லாமல் பேசினார். ஊருக்கு வந்து அலுவலகம் அலுவலகமாக அலைகிற எங்களுக்கு அப்படி ஒருவர் பேசுவது எவ்வளவு ஆறுதல் என்பது வந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடைகளில் தினை லட்டும் பருப்புப் பொடியும் வாங்கினோம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி கட்டிக் கொடுங்கள் என்றதும், அந்த அக்கா பொட்டலத்தை இன்னொரு உறையில் போட்டு மெழுகுவத்திச் சுடரில் வாயை ஒட்டிக் கொடுத்தார். பெட்டியில் கொட்டாது என்று நம்பலாம்.

டெல்லி அப்பளம் சாப்பிடாமல் யார் வருவார்கள்? எண்ணெயில் விட்டதும் சுருண்டு எழும்பி, கம்பியால் ஒரு அழுத்து அழுத்தியதும் தாம்பாளம் அளவுக்கு விரிந்து, மேலே மிளகாய்ப்பொடி தூவிக் கைக்கு வருகிறது. ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் உடைத்துக்கொண்டே நடந்தோம். அப்பளக்காரரிடமும் பணம் வாங்கும் க்யூஆர் அட்டை தொங்கியது. பஞ்சுமிட்டாய்க்காரர் கம்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். சில்லறை என்ற பேச்சே எங்கும் இல்லை. நூறு ரூபாய் நோட்டை நீட்டினால்தான் "ஜிபே இல்லையா?" என்று முகத்தைப் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஜிபே மாதிரி ஆப்கள் எல்லாம் ஓடுகிற யூபிஐ வேலை செய்ய வங்கிக் கணக்கும் அதில் பதிவான செல்பேசி எண்ணும் வேண்டும். 2023 தொடக்கத்தில் கத்தார், அமீரகம், சவூதி, ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் ஆகிய பத்து இடங்களின் எண்களை வைத்தே யூபிஐ பயன்படுத்தத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அனுமதி கொடுத்துவிட்டது. கணக்கு, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வகையாக இருக்க வேண்டும். வேலைக்குப் போவதற்கு முன் ஊரில் தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கிறவர்கள், யூபிஐக்காக மட்டுமல்ல, சட்டப்படியும் அதை மாற்றியாக வேண்டும். என் கத்தார் எண்ணை வைத்து நான் எல்லாக் கடையிலும் பணம் கொடுத்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

மனைவிக்கு அது கிடைக்கவில்லை. எங்களுடையது கூட்டுக் கணக்கு. அதில் பதிவாகியிருப்பது என் எண் மட்டும். அவருடைய எண்ணையும் சேர்க்கச் சொல்லி வந்ததுமே வங்கிக்குப் போனோம். கணக்கு தொடங்கிய கிளைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அந்தக் கிளைக்குப் போனால் பொங்கல் விடுமுறை முடிந்து வாருங்கள் என்றார்கள். எங்கள் விடுமுறையே அந்தப் பொங்கல்தானே!

வளையல் கடையில் இது உறைத்தது. கண்ணாடி வளையல் அடுக்குக்கு முன்னால் மனைவி முக்காலியில் உட்கார்ந்தார். கடைக்கார அம்மா அவர் கையைப் பிடித்துப் பார்த்து, அளவு கேட்காமலேயே "ரெண்டு ஆறு" என்று எடுத்தார். விரல் முட்டிகளைச் சேர்த்து அமுக்கி, "கையைத் தளர விடும்மா, நீ புடிச்சிக்கிட்டா ஒடஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக ஏற்றினார். பச்சையும் மெரூனும் மாற்றி மாற்றி டஜன் ஏறி முடிந்ததும் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏங்க, நீங்க குடுத்துடுங்க." தோஹாவில் வீட்டு வாடகையிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்வரை தன் கார்டில் கட்டுகிறவர் அவர். சொந்த ஊரில், தன் கைக்கு வளையல் வாங்க என் செல்பேசிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் ராட்டினப் பக்கம் போயிருந்தால், கூட்டத்தில் பிரிந்திருந்தால், என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்?

ஆகவே ஊருக்கு வருகிற தம்பதிகளுக்குச் சொல்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன்பே மனைவி பெயரில் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கும், அதில் அவருடைய எண்ணும் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். வந்த பிறகு கிளைக்குப் போய் முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், பண்டிகை வாரத்தில் அது நடக்காது. இந்திய எண் வைத்திருப்பவர்கள் அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் தொடாமல் விட்டால் எண்ணே போய்விடக்கூடும், அதோடு ஓடிபியும் போய்விடும். எதுவும் கைகூடவில்லை என்றால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக அவர் கைப்பையில் கொஞ்சம் இருக்கட்டும்.

ராட்சத ராட்டினத்தில் ஏறினோம். இயக்குகிற பையன் குறுக்குக் கம்பியைப் பூட்டிவிட்டு, தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டிக்குப் போனான். யாராக இருந்தாலும் அந்த இழுப்பைப் பார்த்த பிறகு உட்காருங்கள், செய்யாவிட்டால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் சென்ட்ரல் வெளிச்சம், நடுவே கூவம் கறுப்பாக. மனைவி வளையல் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொலம்பஸ் கப்பலுக்கு வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்கு பதில் மிளகாய் பஜ்ஜி.

மெட்ரோ இரவு பதினொரு மணிவரை ஓடுவதால் திரும்புவதில் பதற்றம் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை என்பதால் ஊருக்கு வந்திருக்கிற பெண்களும் தாராளமாகப் போகலாம்.

காணும் பொங்கல் அன்று மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். மெரினாவுக்கு நகரமே திரண்டுவரும், அண்ணா சாலைப் பக்கமும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் போங்கள்.