சிங்கப்பூரில் பதிவா, பெங்களூரில் பதிவா?

என் கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணப் பேச்சு முடிந்ததுமே எந்த ஊரில் பதிவு செய்வது என்ற கேள்வி வந்துவிட்டது. நாங்கள் பெங்களூரில் செய்தோம். இங்கேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

சிங்கப்பூர் வழி சுலபம். ஒருவர் அந்நாட்டுக் குடிமகன் என்றால் கட்டணம் 42 சிங்கப்பூர் டாலர்தான். ஆன்லைனில் விண்ணப்பித்து 21 நாள் கழித்து, மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம். என் சித்தி மகள் அப்படித்தான் செய்தாள். அவள் மூலம் பார்த்ததை வைத்துத்தான் அந்த வழியைப் பற்றிச் சொல்கிறேன், நானே போய்வந்த அனுபவம் இல்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி செய்யவும் வழி உண்டு. ஆனால் இருவரில் ஒருவராவது அங்கே 30 நாள் தங்கியிருக்க வேண்டும். லீவில் போய்வருகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

பெங்களூரில் நாங்கள் செய்தது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி. திருமணம் செய்யப்போவதாகப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நான் இந்த ஊர்க்காரி என்பதால் அது பிரச்சினை இல்லை. நோட்டீஸுக்குப் பிறகு ஆட்சேபத்துக்காக விடும் 30 நாள்தான் சிரமம். அதை நினைக்காமல் 30 நாள் இ-விசாவில் வந்தால் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர் ஒரு வருட விசா எடுத்திருந்தார். நோட்டீஸில் கையெழுத்திட்டுத் திரும்பிப் போய், ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி ஆகிவிடும், அதனால் அவருடைய லீவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் மணமாகாதவர் என்ற சான்றை அப்போஸ்டிலோடு, அதாவது வெளிநாட்டிலும் ஏற்கப்படுவதற்கான அதிகாரப்பூர்வ முத்திரையோடு, கொண்டுவந்தார். கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் முன்னால், கன்னட அதிகாரி எதிரில், உறுதிமொழியைத் தமிழிலேயே சொன்னோம். இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அம்மா அழுதுவிட்டார்.

ஆனால் நான் பெங்களூர்ப் பக்கம் சாய்வது அந்த நாளுக்காக இல்லை, அதற்குப் பின்னால் வந்த வேலைகளுக்காக. சுற்றுலா விசாவை இந்தியரை மணந்தவருக்கான எக்ஸ் விசாவாக மாற்ற, வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய, வங்கியில் பெயர் சேர்க்க, எங்கே போனாலும் கேட்டது திருமணச் சான்றிதழ். இந்த ஊர் சான்றிதழைப் பார்த்து யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கூடுதல் நகல் வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்துக்கு ஒரு ஆட்டோ தூரம்.

சித்தி மகளுக்கு அப்படி இல்லை. சட்டப்படி அப்போஸ்டில் போட்ட சிங்கப்பூர்ச் சான்றிதழே போதும். அப்போஸ்டிலை ஏற்கும் சர்வதேச ஒப்பந்தம் இந்தியாவில் 2005லும் சிங்கப்பூரில் 2021லும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு கவுன்டரில், "இங்கே ரிஜிஸ்டர் பண்ணலையா?" என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, இங்கேயும் ஒருமுறை பதிந்துவிடலாம் என்று கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். வெளிநாட்டுக் கணவருக்கு, இந்தியாவில் நீண்டகாலம் தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டை கேட்க, திருமணம் பதிவாகித் தொடர்ந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கையில் இரண்டு சான்றிதழ், இரண்டு தேதி என்றால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்ற குழப்பம் வரும். அவளுக்கு அப்போது 14 மாதம் கழிந்திருந்தது. அதைப் பணயம் வைக்கலாமா? எந்த ஊரில் செய்தாலும் ஒரே இடத்தில், ஒரே தேதியில் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பெங்களூர் வழியிலும் ஒரு குறை உண்டு. அவருடைய ஊரில் காட்ட நம் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் வாங்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் எங்களுக்கு ஒரே முறைதான். சிங்கப்பூரில் குடியேறப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அவர்கள் அங்கேயே பதிவது நல்லது.

அப்புறம், சான்றிதழ் கைக்கு வந்த சந்தோஷத்தில் லேமினேட் செய்துவிடாதீர்கள். அப்போஸ்டில் முத்திரைக்கு வெறும் காகிதம்தான் வேண்டும்.