வேலை உத்தரவாதம் என்றார்கள், என் பெயரில் கடன் வாங்கினார்கள்

முதலீட்டுத் துறையில் நுழைய ஆசைப்பட்டு, அந்தத் துறையில் ஒருநாள்கூட வேலை பார்க்காமல் தவிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு அதே தவிப்பில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைப் பறிகொடுத்தேன்.

பி.காம். முடித்து ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். நூல் வியாபாரிகள், சிறு நூற்பாலைகள், மஞ்சள் மண்டிகள் என்று இவர்களின் கணக்குகள்தான் என் மேசைக்கு வரும். நிறுவனங்களின் கணக்கைப் படித்து அவற்றின் பங்கை மதிப்பிடும் பங்கு ஆய்வாளராக வேண்டும் என்ற ஆசையில் நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தேன். எல்லோரும் இரண்டு ஆண்டு முன் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அப்போதுதான் சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. முன் அனுபவம் தேவையில்லை, மூன்று மாதப் பயிற்சி, முதலீட்டு வங்கியில் நூறு சதவீத வேலை உத்தரவாதம்.

நேரில் போனேன். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டவர் மிக மரியாதையாகப் பேசினார். கட்டணத்தை மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு தவணையில் கட்டலாம், வட்டியே கிடையாது என்றார். என் கைபேசியை வாங்கி ஏதோ ஒரு செயலியை இறக்கினார். பான் எண், ஆதார், ஒரு புகைப்படம். ஓடிபி வந்தபோது, "வெறும் சரிபார்ப்புதான் மேடம், சொல்லுங்கள்" என்றார். நான்கு முறை ஓடிபி வந்தது, நான்கையும் சொன்னேன். அன்றிரவு நான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பிய பிறகு, என் பெயரில் கடன் வழங்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தவணை என்று அவர் சொன்னது ஒரு கடன் நிறுவனத்திடம் நான் வாங்கிய கடன். பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விட்டது. பயிற்சி பிடிக்காமல் நான் விலகினாலும் பன்னிரண்டு மாதமும் என் வங்கிக் கணக்கிலிருந்துதான் கழியும்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, மொத்தச் செலவு எவ்வளவு என்று காட்டும் விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் உங்களுக்குத் தந்தாக வேண்டும். தொடக்கத்தில் சில நாட்களுக்குள் அசலையும் அந்நாட்களுக்குரிய வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறும் உரிமையும் உண்டு. எனக்கு இது தெரிந்தபோது அந்த நாட்கள் முடிந்து வாரக்கணக்காகிவிட்டது.

வகுப்புகளைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். பங்கு விற்பனை நடந்து இரண்டாம் நாள் கணக்குத் தீரும், அதாவது பணமும் பங்கும் கைமாறும் என்று திரையில் காட்டிப் பாடம் நடத்தினார்கள். இந்தியப் பங்குச் சந்தை முழுவதும் 2023 ஜனவரி 27 முதல் அடுத்த வேலை நாளிலேயே கணக்குத் தீர்க்கும் முறைக்கு மாறிவிட்டது. கையைத் தூக்கிச் சொன்னேன். "தேர்வுக்கு இதையே எழுதுங்கள்" என்றார் ஆசிரியர்.

வேலை வாய்ப்பு என்று முதலில் அனுப்பிய இடம் ஒரு பங்குத் தரகு நிறுவனக் கிளை. மாதம் முப்பது பேரைப் பிடித்து, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்க வைக்க வேண்டும், சம்பளம் பதினான்காயிரம். இரண்டாவது, தொலைபேசியில் கடன் அட்டை விற்கும் வேலை. இரண்டையும் மறுத்தேன். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தை அன்றுதான் திறந்து காட்டினார்கள். இரண்டு நேர்காணலை மறுத்தால் உத்தரவாதம் காலாவதியாகிவிடுமாம். உத்தரவாதம் என்ற சொல்லுக்கு அவர்கள் தந்திருந்த பொருளும் நேர்காணலுக்கு அனுப்புவது மட்டுமே.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். இன்னும் இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். முத்திரை கோணலாக விழுந்திருந்தது. அதில் போட்டிருந்த மாதங்களில் நான் ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருந்தேன். தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்ப்பார்கள். எந்த மாதம் யார் உங்களுக்குப் பணம் செலுத்தினார் என்பது அதில் அப்படியே இருக்கும். என்னோடு படித்த ஒரு பையன் பணம் கட்டி அந்தச் சான்றிதழை வாங்கினான். சேர்ந்த ஐந்தாம் வாரம் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நானாக விண்ணப்பித்துப் போன ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில், ஒரு நூற்பாலையின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்துச் சரக்கு இருப்பு ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டார்கள். பருத்தி வரத்து அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலத்தில் உச்சத்துக்குப் போகும், ஆலைகள் அப்போது வாங்கிக் குவித்துவிடும், அதனால் மார்ச் 31-ஆம் தேதிக் கணக்கில் இருப்பு வீங்கித்தான் தெரியும் என்றேன். மூன்று ஆண்டுகள் நான் பார்த்த கணக்குகள் அவை. இடம் ஒன்றுதான் இருந்தது, வேறொருவருக்குப் போனது. ஆனால் அந்த மேலாளர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் கீழ் இயங்கும் என்ஐஎஸ்எம் என்ற கல்வி நிறுவனம் நடத்தும் ஆய்வாளர் தேர்வை எழுதச் சொன்னார். இந்தியாவில் இந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவை. கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்க்குள், பாடநூலை அவர்கள் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். எழுதித் தேறினேன். இப்போது பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் பங்கு வர்த்தகக் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆய்வாளர் வேலைக்கு இன்னும் முயல்கிறேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் மதிப்பெண் விழுந்துவிடும், நிதித்துறையில் ஆளெடுக்கும் நிறுவனங்கள் பல அதையும் பார்க்கின்றன. விளம்பரம், ஒப்பந்தம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. பயிற்சி மையங்கள் வேலை உத்தரவாதம் சொல்லி ஏமாற்று விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

நான் 1915-இல் புகார் கொடுத்த பத்தாம் நாள் அந்த ஆலோசகரே அழைத்தார். முப்பதாயிரம் திருப்பித் தருகிறோம், இனி எங்கும் புகார் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. என் வகுப்பில் படித்த பதினொரு பேர் சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது.