15,000 கோடு கிரேட்டிங்: லேசர் அடித்துப் பார்த்து வாங்குங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், திருப்பத்தூர் என்று இந்தப் பக்கத்து இயற்பியல் துறை எதில் நுழைந்தாலும் ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பெட்டிக்குள், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். பாடநூலில் அதற்குக் கீற்றணி என்று பெயர், ஆய்வகத்தில் கிரேட்டிங். ஓர் அங்குலத்துக்கு 15,000 கோடு. அதாவது அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 1.693 மைக்ரோமீட்டர். சிடி தட்டின் தடங்களுக்கு இடையே உள்ள 1.6 மைக்ரோமீட்டருக்குக் கிட்டத்தட்ட சமம்.

கடையில் பெரும்பாலும் மூன்று வகை வரும். அட்டைச் சட்டத்தில் ஒட்டிய ஃபிலிம் ஒன்று. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஃபிலிமை வைத்து ஓரம் ஒட்டியது ஒன்று. கண்ணாடி மேலேயே ரெசினில் அச்செடுத்தது ஒன்று. அட்டைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் வானவில் காட்டத்தான் உதவும். ஃபிலிம் நெளிந்து நிற்பதால் நிறமாலைக் கோடு கூர்மையாக விழாது. ரெசின் அச்சு அருமையான பொருள், ஆனால் கோடுள்ள பரப்பு திறந்தே கிடக்கிறது. நாற்பது மாணவர் கை படும் இடத்தில் ஒரு வருஷம் தாங்காது. கல்லூரிக்கு இரண்டு கண்ணாடிக்கு நடுவே உள்ளதை வாங்குங்கள். இந்த மதிப்புரை அதைப் பற்றித்தான்.

லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். 7,500 கோட்டுக் கிரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பு லேசர் பாயின்டர் ஒன்றும் டேப் ஒன்றும் எடுத்துப் போங்கள். சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் கிரேட்டிங்கைப் பிடித்து, லேசரை நேர்க்குத்தாக அடியுங்கள். லேசர் 650 நானோமீட்டர் என்றால் முதல் வரிசைப் புள்ளி, அதாவது நடுப்புள்ளிக்கு அடுத்து விழுவது, நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 41.6 செ.மீ. தள்ளி விழ வேண்டும். பாயின்டரின் அலைநீளம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் 1 செ.மீ. வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். 19.6 செ.மீ.யில் விழுந்தால் அது 7,500 கோடு.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்துவிடும். கண்ணாடியின் அடிவிளிம்பை மேசை மேல் ஊன்றி வைத்து அடித்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே கிடைமட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் ஃபிலிம் சாய்வாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்றிரண்டு டிகிரி என்றால் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங்கைத் தாங்கும் பிரிசம் மேசையின் மூன்றாவது திருகால் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றொரு குறை ஆய்வகத்தில்தான் வெளிப்படும். தொலைநோக்கியை 90 டிகிரி திருப்பிப் பூட்டி, கிரேட்டிங்கில் பட்டுத் திரும்பும் ஸ்லிட்டின் (ஒளி நுழையும் குறுகிய பிளவு) பிம்பத்தைப் பார்க்கும்போது ஒன்றுக்கு இரண்டு பிம்பம் தள்ளித் தள்ளித் தெரிந்தால், கண்ணாடியின் முன்பக்கமும் பின்பக்கமும் இணையாக இல்லை என்று அர்த்தம். எந்தப் பிம்பத்தைத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியில் வைப்பது என்று மாணவர் திணறுவார். முடிந்தால் மாற்றி வாங்குங்கள். முடியாவிட்டால் எல்லோரும் ஒரே பிம்பத்தை வைத்து அளக்கும்படி ரெக்கார்டில் எழுதிவையுங்கள்.

இனி N, அதாவது ஒரு மீட்டரில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை. ஒரு மீட்டருக்கு 5,90,551 கோடு என்று லேபிளை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அலைநீளம் கண்டுபிடிப்பது சரியில்லை. லேபிள் 1 சதவீதம் பிசகினால் பாதரச நிறமாலையின் பச்சைக் கோட்டின் அலைநீளம் 5.5 நானோமீட்டர் பிசகிவிடும். பாதரச விளக்கின் 546.1 நானோமீட்டர் பச்சைக் கோட்டை இடமும் வலமும் அளந்து பாருங்கள். லேபிள் உண்மை என்றால் இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள கோணம், 2θ, 37° 38' வரும். 1 சதவீதப் பிசகு 23 நிமிடமாகத் தெரியும் (கோண அளவில் 60 நிமிடம் ஒரு டிகிரி). 1 நிமிடம் வரை காட்டும் வெர்னியர் அளவுகோலுக்கு அது பெரிய அளவு. வந்த N-ஐ ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். ஒரே பெட்டியில் நாலு கிரேட்டிங் இருந்தால் நாலுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

நேர்க்குத்துப் படுகோணம், அதாவது ஒளி கிரேட்டிங்கில் நேராக விழும்படி, வைப்பதில்தான் பிராக்டிகல் நேரத்தில் பாதி போகிறது. 90 டிகிரி திருப்பிய தொலைநோக்கியில் பிம்பம் கம்பியில் விழுந்ததும் மேசையைச் சரியாக 45 டிகிரி திருப்ப வேண்டும். இதில் 1 டிகிரி தவறினால் என்ன ஆகும்? இடம் வலம் இரண்டையும் அளந்து பாதியாக்கினால் பிழை கால் நிமிடம் கூட வராது. நேர் பிம்பத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் அளந்தால் சோடியம் மஞ்சளுக்கு 4 நிமிடம் தவறும், அலைநீளத்தில் 1.8 நானோமீட்டர். நேரம் போதவில்லை என்று ஒரு பக்கத்தை விட்டுவிடும் பழக்கத்தை ஆசிரியர்கள் அனுமதிக்கக் கூடாது.

இந்த விலையில் இந்தக் கண்ணாடி செய்து காட்டும் மிக அழகான வேலை, சோடியத்தின் மஞ்சளை இரண்டாகப் பிரிப்பது: 589.0, 589.6 நானோமீட்டர். முதல் வரிசையில் 20° 22' அருகே இரண்டுக்கும் இடைவெளி 1.3 நிமிடம். இரண்டாம் வரிசையில் 44 டிகிரி தாண்டிப் போனால் 3.4 நிமிடம். சோடிய மஞ்சளுக்கு மூன்றாம் வரிசை இந்தக் கிரேட்டிங்கில் கிடையாது, சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடுகிறது. முதல் வரிசையில் கோடு பிரியவில்லை என்று கிரேட்டிங்கைக் குறை சொல்பவர்கள் முதலில் ஸ்லிட்டைப் பார்க்க வேண்டும். இணையாக்கியின் (ஸ்லிட் வழியாக வரும் ஒளியை இணைக்கதிராக்கும் குழாய்) குவியத்தொலைவு 18 செ.மீ. என்றால் ஸ்லிட் அகலம் 0.07 மி.மீ.க்குக் கீழே இருந்தால்தான் இரண்டும் தனியாக நிற்கும். இரண்டாம் வரிசை மங்கலாக இருக்கும். அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திர ஒளியை எஷல் என்ற ஒரு வகைக் கிரேட்டிங் கொண்டு பிரிப்பதும் இதே தத்துவத்தில்தான். முதலாமாண்டு மாணவருக்கு இதைச் சொல்லிவிட்டு அந்த இரட்டைக் கோட்டைக் காட்டுங்கள்.

விளக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சோடியம் விளக்கு முதலில் செக்கச்செவேலென்று எரிந்து, மஞ்சளாக மாறச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை அளக்காதீர்கள். பாதரச விளக்கு அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும். கோடையில் நடுவில் கரண்ட் போனால் பத்து நிமிடம் வீணாகும். தேர்வு நாளில் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள்.

பராமரிப்பு சுலபம். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் விரல் வியர்க்கும், ரேகை கண்ணாடியில் பதியும். ஓரத்தைப் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். தூசிக்கு ரப்பர் பந்து ஊதி போதும். வாயால் ஊதக் கூடாது. அசிட்டோன் பக்கத்திலேயே வரக் கூடாது: அசிட்டேட் ஃபிலிம் என்றால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிக் கரைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரப் பசை விட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைத்து, ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள்.