சென்னையில் பழைய கார் தேடியபோது கேட்ட ஒலியமைப்புகள்

தாம்பரத்தில் இருக்கும் என் பெற்றோருக்குப் பழைய கார் ஒன்று வாங்கிக் கொடுப்பதே இம்முறை மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்ததன் முக்கிய வேலையாக இருந்தது. எஞ்சினையும் டயரையும் பார்த்துச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அப்பாவோ கச்சேரிப் பதிவு ஓடாத வண்டியில் நீண்ட தூரம் போக மாட்டார். வெளிக்கடையில் வயரை வெட்டி செட் மாட்டுவதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே, தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஒலியமைப்பை, விற்பவர்கள் ‘கம்பெனி செட்’ என்று சொல்வதை, வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்த்தோம்.

இன்று பழைய கார் சந்தைக்கு வரும் நடுத்தர வண்டிகளில் ஒலி நிறுவனப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 2017இல் வந்த டாடா நெக்ஸானில் ஹர்மன். 2019இல் வந்த ஹாரியரின் உயர் வகைகளில் (அதிக வசதிகளுடன் விலை கூடிய வேரியண்ட்களில்) ஜேபிஎல். அதே ஆண்டு வந்த கியா செல்டோஸிலும் 2020ஆம் ஆண்டின் ஹூண்டாய் கிரெட்டாவிலும் போஸ். 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700இன் மிக உயர்ந்த வகையில் 12 ஸ்பீக்கர்களுடன் சோனி. ஜேபிஎல் என்பதே ஹர்மனுக்குச் சொந்தமான பெயர்தான். அந்த ஹர்மனும் 2017 முதல் சாம்சங்கின் கையில் இருக்கிறது. எனவே பெயரை மட்டும் வைத்து ஒன்றைவிட மற்றொன்று உசத்தி என்று விலை கூட்டுபவரிடம் பொறுமையாகச் சிரித்துவிட்டு நகரலாம். பார்க்க வேண்டியது வண்டியின் வகை. ஒரு தரகர் “போஸ் வண்டி சார்” என்று காட்டிய செல்டோஸின் கதவு வலையில் அந்தப் பெயர் பளபளத்தது. ஆனால் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், குறிப்பிடப்பட்டிருந்த வகைக்குத் தொழிற்சாலை அந்த அமைப்பைக் கொடுத்ததே இல்லை. பெயர்ப்பட்டையைக் கடையில் வாங்கி ஒட்ட அதிகச் செலவாகாது.

ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். நெக்ஸானின் உயர் வகையில் எட்டு என்றால், நான்கு ஸ்பீக்கர்களும், உச்ச ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் நான்கும் என்று பொருள். கிரெட்டாவின் போஸ் அமைப்பிலும் எட்டுத்தான், ஆனால் அதில் முன்பக்க நடு ஸ்பீக்கரும், ஆழ்ந்த கீழ் ஒலிக்கான தனி சப்வூஃபரும் அடக்கம். 2022ஆம் ஆண்டின் மாருதி பலேனோவில் சொல்லப்படும் ஆர்கமிஸ் என்ற பிரெஞ்சுப் பெயர் ஸ்பீக்கரைக் குறிப்பதே அல்ல; அது ஒலியைச் சீரமைக்கும் மென்பொருள்.

சேவையைப் பொறுத்தவரை, பெரிய ஷோரூம்கள் எனக்கு ஏமாற்றமே அளித்தன. வரவேற்பும் காபியும் வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து காட்டுவதும் மெச்சத்தக்கவை. ஆனால் பக்கம் பக்கமாக நீளும் அவர்களுடைய பரிசோதனை அறிக்கையில் ஒலியமைப்புக்கு ஒதுக்கப்பட்டது ‘இயங்குகிறது’ என்ற ஒற்றைச் சொல். எந்த ஸ்பீக்கர், எந்தக் கதவு, எந்த அளவு ஒலியில் என்ற கேள்விகளுக்கு அங்கே யாரிடமும் விடை இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு கேட்க வேண்டும் என்றதும், உடன் வந்த இளைஞர் தன் கைபேசியைப் புளூடூத்தில் இணைத்து, பேஸை முழுதாக ஏற்றி, கண்ணாடி அதிரும்படி ஒரு குத்துப்பாட்டை வைத்தார். அப்படி வைத்தால் எந்த வண்டியும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

நாங்கள் கேட்ட முறை வேறு. எஞ்சினையும் ஏசி விசிறியையும் அணைத்துவிட்டு, முந்தைய உரிமையாளர் செய்து வைத்திருந்த பேஸ், ட்ரெபிள் மாற்றங்களையெல்லாம் நடுநிலைக்குக் கொண்டுவந்து, பென்டிரைவில் கொண்டுபோன பதிவுகளையே ஒவ்வொரு வண்டியிலும் கேட்டோம். மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் ஒலி உருண்டையாக விழுந்து உடனே அடங்க வேண்டும். சப்வூஃபர் தளர்ந்த வண்டியில் அது இழுபட்டு அடுத்த அடியோடு ஒட்டிக்கொள்கிறது. உச்சத்தில் நிற்கும் நாகஸ்வரம் ட்வீட்டரின் தரத்தை அரை நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். தனிக்குரல் ஒன்றை வைத்து, ஒலியை முன்னும் பின்னும் இடமும் வலமுமாக நகர்த்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்துக் கேட்கலாம். கரகரப்பும் கதவு உள்பலகையின் அதிர்வும் அப்போதுதான் வெளிப்படும். அதன் பிறகே வண்டலூர் பக்கம் ஓட்டிப் போய், டயர் இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிவாக நிற்கிறதா என்று பார்த்தோம். டீசல் வண்டிகள் பல இங்கேதான் தோற்றன.

என் காதுக்குக் கிரெட்டாவின் போஸ் கீழ்ச்சுரங்களில் தாராளமானது, குரலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவது. ஹாரியரின் ஜேபிஎல் ஒலியை அதிகம் வைத்தாலும் சிதறவில்லை. சப்வூஃபர் இல்லாத நெக்ஸானின் ஹர்மன் அமைப்பில் தவில் கொஞ்சம் மெலிந்து கேட்டாலும், வீணையும் வாய்ப்பாட்டும் மிக இயல்பாக ஒலித்தன. திரைப்பாட்டு மட்டும் கேட்பவர் இந்த வரிசையை மாற்றிச் சொல்லக்கூடும்.

ஸ்பீக்கரைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கதவு ஸ்பீக்கர் கதவின் அடிப்பகுதியில் இருப்பதால், இருக்கையைத் துவைத்துத் தரைவிரிப்பை மாற்றிவிட்டாலும் அது உண்மையைச் சொல்லிவிடும். நல்ல விலைக்கு வந்த ஒரு கிரெட்டாவில் இரண்டு முன்கதவு ஸ்பீக்கர்களும் ஒரே மாதிரி அடைத்துக்கொண்டு ஒலித்தன. உடன் வந்த மெக்கானிக் அண்ணன் கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டதும் விற்பவர் மறுத்துவிட்டார். இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருந்ததையும் பார்த்தபின் பேச்சைத் தொடர வேண்டிய தேவை இருக்கவில்லை.

பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் மற்றொரு குறை, கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு மாட்டிய பெரிய ஆண்ட்ராய்டு திரை. தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள அமைப்புகளில் திரையை மட்டும் மாற்றினால் முன்பிருந்த ஒலி கிடைப்பதில்லை. சில வண்டிகளில் ஸ்டீயரிங் பொத்தான்களும் ஓய்ந்துவிடுகின்றன. கார் உபகரணங்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரரிடம் இதைக் கேட்டோம். “கப்ளர்ல மாட்டியிருந்தா திருப்பிக் கொண்டாந்துடலாம் சார், வயரை வெட்டியிருந்தா அந்த வண்டியையே விட்டுடுங்க” என்றார். கப்ளர் என்பது வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் முனை. வாங்காமல் போகிறவர்களுக்கும் இவ்வளவு நேரம் ஒதுக்கிப் பேசிய அந்த மனிதரே, இந்தப் பயணத்தில் நான் சந்தித்தவர்களில் தொழில் தெரிந்தவர்.

முடிவில் நேரடி உரிமையாளர் ஒருவரிடமிருந்து 2021ஆம் ஆண்டு நெக்ஸான் ஒன்றை வாங்கினோம். பின்பக்க வலது ட்வீட்டர் கரகரத்ததை அவரே முன்கூட்டிச் சொன்னார், விலையிலும் கொஞ்சம் குறைத்தார். புதிய ட்வீட்டரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. மாட்டி முடித்ததும் பாகத்தின் எண்ணைப் பில்லில் குறித்து, கழற்றிய பழையதையும் கேட்காமலேயே கையில் கொடுத்தார்கள்.