ரகசிய ஓடை இடங்கள் தருகிறோம் என்று 349 டாலரை விழுங்கிவிட்டார்கள், யாரும் கட்டாதீர்கள்

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் ஆற்றிலும் ஓடையிலும் இறங்கி ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கிற தமிழர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ‘யாருக்கும் தெரியாத ஓடை இடங்கள்’ என்று சொல்லி வரைபடச் சந்தா விற்கும் ஓர் இணையதளத்துக்கு 349 டாலர் கட்டினேன். பணம் திரும்பக் கிடையாது என்று நேற்று ராத்திரி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வயிறு எரிந்துபோய் உட்கார்ந்து எழுதுகிறேன். தளத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற தளங்கள் இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இடத்துக்கு எதற்கு இவ்வளவு காசு என்று சிலர் கேட்பீர்கள். ஓடையில் இந்த மீன் எல்லா இடத்திலும் நிற்காது. வேகமாக ஓடுகிற தண்ணீரும் தேங்குகிற தண்ணீரும் உரசும் ஓரம், பெரிய பாறைக்குப் பின்னால் இருக்கும் நிழல், பாறைப்படிக்குக் கீழே குழிந்த பள்ளம், இப்படிப்பட்ட இடங்களில்தான் தன் இரையான கிரேஃபிஷுக்கு (இறால் மாதிரி நன்னீர் உயிரி) காத்துக்கொண்டு நிற்கும். அரை மைல் நடந்தாலும் ஒன்றும் கடிக்காது, அப்புறம் ஒரே மடுவில் வரிசையாகக் கிடைக்கும். குளிர் வந்துவிட்டால் எல்லாம் ஆழமான மடுவுக்கு ஒதுங்கிவிடும். ஓடையில் இது மெதுவாக வளர்கிற மீனும்கூட. பதினைந்து அங்குலம் வர வருஷக்கணக்கில் ஆகும். சின்ன ஓடையில் நாலு பேர் ஒரு மாதம் தொடர்ந்து வந்து பிடித்து எடுத்துப் போனால் அந்த மடு காலி. அதனால்தான் ஷெனண்டோவா தென்கிளை, ரப்பஹானக் ஆற்றில் கெல்லிஸ் ஃபோர்டு, ஜேம்ஸ் ஆற்றில் ஸ்காட்ஸ்வில் என்றெல்லாம் எல்லோரும் வெளிப்படையாகப் பேசுவோம், சின்ன ஓடையின் பெயரை மட்டும் யாரும் பொதுவில் சொல்ல மாட்டோம். பெரிய ஆறு தாங்கும், ஓடை தாங்காது.

போட்டோமாக் ஆற்றில் ஆதியில் இந்த மீன் கிடையாது. 1854-இல் ஓஹையோ ஆற்றுப் பக்கத்திலிருந்து ரயில் இன்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து கம்பர்லாண்டில் விட்டார்கள். அங்கிருந்து கிளையாறுகளிலெல்லாம் பரவிவிட்டது. ஆகவே, ஊர் பேர் தெரியாத கிளையோடையிலும் நல்ல மீன் இருக்கிறது என்று அந்தத் தளம் போட்டிருந்தது நம்பும்படிதான் இருந்தது.

கட்டும் முன் அவர்கள் எண்ணில் கூப்பிட்டுப் பேசினேன். எடுத்தவர் அவ்வளவு பணிவாக, அவ்வளவு நேரம் பேசினார். என்ன ராடு, எத்தனை பவுண்டு லைன் என்று கேட்டார். ட்யூப் ஜிக் என்ற செயற்கை இரையைப் பாறைக்கு மேலே போட்டுத் தண்ணீரோடு உருட்டிவிட வேண்டும் என்றார். வசந்த காலத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும், அப்போது அதைத் தொந்தரவு செய்யக் கூடாது, நான் பிடிப்பதையெல்லாம் திரும்ப விட்டுவிடுவேன் என்றார். தண்ணீரில் நின்று பழகியவர் பேசுகிற பேச்சு அது. ஒவ்வோர் இடத்தையும் உள்ளூர் ஆள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார், எல்லாம் நடந்து இறங்கக்கூடிய சின்ன ஓடைகள், பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் முழுப் பணமும் வாபஸ் என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்றை எங்களுக்கு எழுதிக் கொடுத்தால் 50 டாலர் தள்ளுபடி, 399 என்பது 349 ஆகிவிடும், அந்த இடத்தை எங்கள் சரிபார்ப்பு ஆளைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. இதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். மின்னஞ்சலில் அப்படியே எழுதி அனுப்பினார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் கொடுத்தது ஒரு மாட்டுப் பண்ணைக்குள் ஓடும் ஓடை. பண்ணைக்காரர் வயதானவர். கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும், மீனை எடுத்துப் போகக் கூடாது என்று இரண்டே நிபந்தனைகளோடு எனக்கு அனுமதி கொடுத்தவர்.

349 டாலருக்கு வந்ததைக் கேளுங்கள். நாற்பது லொக்கேஷன். பாதிக்கு மேல் படகு இறக்கும் பொது இடங்கள். மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சில லொக்கேஷன் ரேப்பிடான் ஆற்றின் தலைப்பகுதியில், மலைமேல். அது ப்ரூக் ட்ரவுட் என்ற வேறு மீன் வாழும் குளிர்ந்த தண்ணீர், ஸ்மால்மவுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நேரில் போய்ப் பார்த்தவன் அதைப் போட்டிருக்க மாட்டான். ஒன்று, ஒரு தாழ்வான தடுப்பணைக்கு நேர் கீழே! அணையைத் தாண்டி விழுகிற தண்ணீர் அங்கே சுழன்று சுழன்று ஆளை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உயிர் போகிற இடம் அது. புதிதாகப் பழகுகிறவன் அதை நம்பி இறங்கியிருந்தால் யார் பதில் சொல்வது?

மிச்சம் இருந்ததில் பல, வேலி போட்டு ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டிய தனியார் நிலம். இதை எழுதிக் கேட்டதற்கு, ‘ஓடும் தண்ணீர் பொதுச் சொத்து, நீங்கள் தாராளமாக இறங்கலாம்’ என்று பதில். வர்ஜீனியாவில் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இங்கிலாந்து மன்னர் காலத்துப் பட்டாவில் ஆற்றுப்படுகையே நிலக்காரருக்குச் சொந்தமான இடங்கள் இருக்கின்றன. ஜாக்சன் ஆற்று வழக்கில் 1996-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிலக்காரர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தொழிலே செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

இதற்குள் பண்ணைக்காரரிடமிருந்து போன். மூன்று பேர் காரில் வந்து கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய், மாடுகள் சாலைக்கு வந்துவிட்டன. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டதற்குப் போனைக் காட்டியிருக்கிறார்கள். அதில் லொக்கேஷனும், ‘சாய்ந்த சைக்கமோர் மரத்துக்குக் கீழே இருக்கும் பாறை’ என்ற குறிப்பும் இருந்ததாம். நான் எழுதிக் கொடுத்த அதே வரி. அவர் கோபப்படக்கூட இல்லை. ‘இனிமேல் யாரும் வர வேண்டாம், நீயும் வராதே’ என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தத் தளம் நான் கொடுத்ததை அடுத்தவனுக்கு விற்றிருக்கிறது. 349 டாலரை என்றாவது சம்பாதித்துவிடலாம், அந்த மனிதரின் நம்பிக்கையை எங்கே போய் வாங்குவது?

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதலில் தானியங்கிப் பதில், கூடவே ஒரு புகார் எண். அடுத்து சாட்டில் ஒருவர், ‘மழையால் தண்ணீர் கலங்கியிருக்கும், சீசன் சரியானதும் போய்ப் பாருங்கள்’ என்றார். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் அரசின் யுஎஸ்ஜிஎஸ் அளவுமானியில் அந்த வாரம் தண்ணீர் குறைவாக ஓடியதைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொருவர், ‘மீன் கிடைக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லையே’ என்றார். நான் மீனைக் கேட்கவே இல்லை, சொன்ன மாதிரி இடத்தைக் கொடு என்றுதான் கேட்டேன். முப்பது நாள் வாபஸ் என்னவாயிற்று என்றால், லொக்கேஷனை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் அது செல்லாதாம். திறக்காமல் எப்படிப் பிடிக்கவில்லை என்று சொல்வது? முதலில் பேசிய அந்தப் பணிவான மனிதரைக் கேட்டால் ‘அவர் இப்போது இங்கே இல்லை’. பண்ணை லொக்கேஷனையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ‘உறுப்பினர் பகிர்ந்த தகவல் எங்கள் தளத்துக்குச் சொந்தம்’ என்று விதிமுறையைக் காட்டினார்கள். ரகசியமாக வைப்போம் என்று அவர்களே எழுதிய மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பியதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை. கிரெடிட் கார்டு வங்கியில் சொன்னேன். ‘சேவை வழங்கப்பட்டிருக்கிறது’ என்று தளம் ஆவணம் காட்டியதாம், வங்கியும் கையை விரித்துவிட்டது. நேற்று ராத்திரி வந்தது தளத்தின் கடைசி மின்னஞ்சல்: ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.’ 349 டாலர் போயே போய்விட்டது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: போனில் இனிக்க இனிக்கப் பேசினால் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். வாபஸ் விதியில் ‘திறந்து பார்த்தால்’ என்ற வார்த்தை இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் ஓடையை எந்தத் தளத்துக்கும் எழுதித் தராதீர்கள், எந்தத் தள்ளுபடிக்கும். தடுப்பணைக்குக் கீழே யார் லொக்கேஷன் கொடுத்தாலும் இறங்காதீர்கள். எங்கே இறங்கலாம் என்று காட்டும் வனவிலங்குத் துறையின் வரைபடமும் யுஎஸ்ஜிஎஸ் அளவுமானியும் இலவசம், அதை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் இன்று புகார் போடுகிறேன். இதே மாதிரி தளத்தில் கட்டி, யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். கொடுத்த லொக்கேஷனை எடுக்கவைக்க முடிந்தவர்கள் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், எனக்கு அதுதான் அவசரம்.